கும்ப ராசிப் பிள்ளை

எங்கள் இல்லத்தில் பன்னிரண்டு பிள்ளைகள். பதின்மூன்றாவதாக ஒரு பிள்ளை கொட்டுகிற மழையில் வாசலில் நின்றாலும் வைத்தியலிங்கம் ஐயா சேர்க்கமாட்டார். பதினொன்றாகக் குறைந்தாலோ அவருக்குத் தூக்கம் வராது. ராசி பன்னிரண்டு, பிள்ளையும் பன்னிரண்டு. திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் நளதீர்த்தத்தில் முழுகி, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, சாமி பார்த்து, நேராக எங்களிடம் வருவார்கள். தங்கள் ராசியிலேயே பிறந்த அநாதைப் பிள்ளைக்கு எள்ளுச்சாதமும் கறுப்புத் துணியும் கொடுத்தால் பிடித்த சனி அந்தப் பிள்ளையோடு போய்விடும் என்பது ஐயா கண்டுபிடித்த தர்மம். கொடுத்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அதுவும் ஐயா போட்ட சட்டம்தான்.

தெருவில் கிடந்த பிள்ளைகளுக்கு ராசி ஏது? வயதை டாக்டர் குத்துமதிப்பாகச் சொல்வார். எந்த ராசி காலியாக இருக்கிறதோ அதற்குத் தகுந்த தேதியை ஐயா பஞ்சாங்கத்தில் தேடுவார். படிவத்தில் எழுதுவது நான். பெயர் பங்கஜவல்லி, ஊர் பூவம், படிப்பு பி.எட்., வேலை இந்த இல்லத்து டீச்சர். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஐயா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் அதில் பெருமைதான். நாசமாய்ப் போன பெருமை.

தமிழ்மொழி குளத்துப் படியில் எண்ணெய் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தவள். அம்மா செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்போது கும்பம் காலி. கும்பத்துக்கு ஏழரை நடக்கிற காலம், கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஐயா பஞ்சாங்கத்தைப் புரட்டி, "ஏப்ரல் இருபத்தி நாலு, சதயம். எழுதும்மா" என்றார். எழுதினேன்.

அந்தப் பெண்ணுக்குக் கணக்கு அப்படி வந்தது. நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் வகுப்பு வந்ததும் மத்திய அரசு நடத்தும் நவோதயா பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்தேன். ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தேறினால் பன்னிரண்டாவது வரைக்கும் சாப்பாடு, தங்கல், படிப்பு எல்லாம் அங்கேயே. யாருடைய சனியையும் அவள் தின்ன வேண்டாம். இதை அவளிடம் நான் வாய்விட்டே சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கும் ஆஃப்ரின்தான் விண்ணப்பத்தைப் போட்டுப் பார்த்தாள்.

"டீச்சர், எடுக்க மாட்டேங்குதே. மே ஒண்ணுக்கு அப்புறம் பொறந்திருக்கணுமாம். ஏழு நாள் இடிக்குது. வர்ற சனிக்கிழமதான் கடைசி நாளு."

ஏழு நாள். நான் எழுதிய ஏழு நாள்.

"அது என் பொறந்த நாளே இல்ல டீச்சர்," என்றாள் தமிழ்மொழி. "சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துலதான் நான் பொறந்தேனாம், அதே வருசம் மார்கழி ஒண்ணு. ஆம்புலன்ஸ் உள்ள வர முடியாம போலீஸ்காரங்க அம்மாவத் தூக்கிட்டுப் போனாங்களாம். ஆஸ்பத்திரியில எழுதிருப்பாங்கல்ல?"

ஐயாவிடம் ஓடினேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

"மார்கழி ஒண்ணுன்னா கன்னி வருதும்மா. கன்னிக்குத்தான் அமுதம் இருக்காளே. கும்ப ராசிக்காரரு, திருப்பூர் சிவக்குமார் சார், மாடி கட்டித் தர்றேங்கிறாரு, இவளப் பாத்துதான். போய் வேலையப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன். இந்த வேலையும் போனால் பூவத்தில் அண்ணன் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை காலை திருப்பூர் சிவக்குமார் வந்தார். தலையில் ஈரம் காயவில்லை. சாதத்தை இலையில் வைத்தார், துணியை மடியில் போட்டார், கும்பிட்டார், திரும்பி நடந்தார். ஐந்தாறு அடி போயிருப்பார்.

"சார், நான் கும்பம் இல்லைங்க!"

அவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"டேட்ட மாத்தி எழுதிட்டாங்க சார். நீங்க சொன்னா இன்னைக்கே மாத்திடுவாங்க. நான் பரிட்சைக்குப் போடணும், இன்னையோட கடைசி."

பரிட்சை என்பது அவர் காதில் விழவே இல்லை. "அப்ப ரெண்டு வருசமா நான் குடுத்ததெல்லாம் ஆருக்குங்க போச்சு?" என்று ஐயாவைப் பார்த்துக் கத்தினார். "இப்ப திரும்பி வேற பாத்துப்போட்டனே!" பிறகு என் பக்கம் வந்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. இது கும்பமா, இல்லீங்களா?"

ஐயா என்னைப் பார்த்தார். தமிழ்மொழியும் பார்த்தாள். வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு, விடை தெரிந்த பிள்ளை பார்க்கிற பார்வை அது.

"கும்பம்தாங்க," என்றேன். "புள்ள பொய் சொல்லுது."

அவர் நம்பவில்லை. அவள் மடியிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி முழுகக் குளத்துக்கு ஓடினார். சோற்றைத் துப்பச் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்க்க அவரே ஆள் அனுப்பினார். மார்கழி ஒண்ணு, அம்மா பெயர், எல்லாம் அங்கே இருந்தது. அதன் பிறகு ஐயா என்ன வேகம்! திங்களன்று கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், புதனன்று சரியான தேதியோடு பிறப்புச் சான்றிதழ். சிவக்குமாருக்கு அதைக் காட்டி மன்னிப்புக் கேட்டு, அசல் கும்பம் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சத்தியம் செய்தார். விண்ணப்பம் சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. சான்றிதழை என்னிடம் கொடுத்து, "கேட்டியே, இந்தா" என்றார்.

கன்னிக்கு ஆள் இருந்ததால் தமிழ்மொழியை வரிசையிலிருந்து எடுத்து அடுப்படியில் போட்டார். எள் வறுப்பது அவள் வேலை. வகுப்புக்கு வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அடுத்த மாதம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் கிடந்தாளென்று ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஆறு வயது என்றார். பேசத் தெரியவில்லை, என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டது. ஐயா பஞ்சாங்கத்தைப் பிரித்து ஒரு தேதியில் விரலை வைத்தார்.

அடுப்படி வாசலில் எள்ளுச் சட்டியோடு தமிழ்மொழி நின்றிருந்தாள்.

"டீச்சர், நவோதயாவுக்கு வயசு சரியா வருதான்னு பாத்துட்டு எழுதுங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

"அவ கெடக்கா. கும்பம் கெடைக்கிறதே பெரிசு, நீ எழுதும்மா," என்றார் ஐயா.

எழுதினேன். எழுத்து முத்து முத்தாகவே வந்தது.