பெட்டிக்குள் போன துண்டு

தங்கை வந்த மூன்று நாளில் அக்காவின் வீட்டில் குறை சொல்லாமல் விட்டது கூரையை மட்டும்தான். அதுவும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாததால். ஜாடியில் உப்பு கசிந்து கூழாகிக் கிடக்கிறது, ஜன்னல் கம்பி கை வைத்தால் துருவாக உதிர்கிறது, எத்தனை வெயிலில் காய்ந்தாலும் புடவை பிசுபிசுக்கிறது. "இந்த ஊர்ல மனுஷங்க இருப்பாங்களாக்கா?" என்று கேட்ட அதே வாயோடு, மாடி பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து, தெருக்கோடியில் தெரியும் கடலை இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் பார்த்தவளும் அவள்தான்.

அக்கா முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தவள். ஜன்னல் இல்லாத அறை. ஓய்வு பெற்றதும் பத்து நாள் கடல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், இரண்டு வருஷமாக இங்கேயே இருக்கிறாள். தெருவில் இருக்கும் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துக் கொடுப்பாள். அதனால் ஊசியம்மா என்று பேர். குளித்துவிட்டு வந்து பால்கனியில் நின்றால் முகத்தில் காற்று வந்து மோதும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே தினமும் எழுந்திருக்கலாம் போலிருக்கும் அவளுக்கு.

ஆனால் தங்கை, அக்காவைத் தன் ஊருக்கே கூட்டிப்போக இரண்டு டிக்கெட்டோடு வந்திருந்தாள். "நாளைக்கு நீ தடுக்கி விழுந்து கிடந்தா யாருக்குக்கா தெரியும்? நாறிப்போனப்புறம்தான் கதவ உடைப்பாங்க."

அந்தப் பயம் அக்காவுக்கும் இருந்தது. குளியலறைக்குள் போகும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். அதனால் தங்கை பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தபோது, வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் கிளம்ப வேண்டும். நல்ல மீனாக ஒரு வேளை தங்கை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அக்கா அன்று விடிந்ததும் குளித்தாள். வழக்கமான சிவப்புத் துண்டைக் காணோம். ஏதோ ஒன்றில் துவட்டிக்கொண்டு, தங்கையை எழுப்பாமல் பின்படி வழியாகப் படகுத்துறைக்கு நடந்தாள்.

திரும்பி வரும்போது மணி ஒன்பது. வீட்டு மாடிப்படியில் கூட்டம். உச்சியில் எதிர்வீட்டு ஐஸ் ஃபேக்டரி மெக்கானிக், கையில் கடப்பாரை. கடைசிப் படியில் தெருவில் மீன் விற்கும் அம்மா, கூடையும் தலையுமாக.

"என்னம்மா? யாருக்கு என்ன?" என்றாள் அக்கா, பதறிப்போய்.

மீன்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம ஊசியம்மா உள்ள விழுந்து கிடக்கு போல. தட்டித் தட்டிப் பாத்தாச்சு, சத்தமே இல்ல. தங்கமான கை. மகராசி குத்துனதே தெரியாது."

"அடப் பாவமே. நான் இங்கதானே நிக்கிறேன்!"

மீன்காரம்மா அலறிய அலறலில் கூடை சரிந்தது. மெக்கானிக் ஓங்கிய கடப்பாரையோடு அப்படியே நின்றான். "அப்ப உள்ள யாரு?"

கதவு மெல்லத் திறந்தது. தலைவிரிகோலமாக, துடைப்பத்தை ஓங்கியபடி தங்கை. தெரியாதவர்கள் தட்டினால் மூச்சுக் காட்டக் கூடாது என்பது அவள் ஊர்ப் பழக்கம். ஒரு மணி நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாளாம்.

"நான் விழுந்துட்டேன்னு யார் சொன்னது?" என்று அக்கா மெக்கானிக்கிடம் கேட்டாள்.

அவனுக்குக் கோபம். "யார் சொல்லணும்? டெய்லி ஆறரைக்கு உங்க பால்கனிக் கம்பியில சிவப்புத் துண்டு தொங்கும். அதப் பாத்துட்டுத்தான் நான் டீ குடிப்பேன். இன்னிக்கு எட்டு மணியாகியும் காணோம். மனுஷன் என்னன்னு நினைக்கிறது?"

"நானும் அதப் பாத்துட்டுத்தான் தெரு திரும்புவேன்" என்றாள் மீன்காரம்மா. பிறகு அவள் கண் அக்காவின் பையில் விழுந்தது. "அதென்ன, மீனா? யார்கிட்ட வாங்குன?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஈரத் துண்டைக் காயப் போடுகிறோம் என்று மட்டுமே நினைத்திருந்தாள். தங்கை துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு, எல்லோருக்கும் டீ போடப் போனாள்.

மறுநாள் காலை அக்கா கண்விழித்தபோது பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. தங்கை அடியில் கைவிட்டுச் சிவப்புத் துண்டை உருவினாள். பால்கனிக்குப் போய்க் கம்பியில் போட்டு, சுருக்கம் நீவினாள்.

எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "நீங்க போட்டா எப்படிங்க? ஊசியம்மா எங்க?"

"தூங்குறாங்க."

"எழுந்ததும் ஒரு தடவ எட்டிப் பாக்கச் சொல்லுங்க. டீ ஆறுது."

தங்கை உள்ளே திரும்பாமலேயே, "அக்கா, இந்தத் துண்டு நைஞ்சு போச்சு. அடுத்த தடவ வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்றாள்.

"சிவப்பாப் பாத்து வாங்குடி" என்றபடி அக்கா எழுந்து, கலைந்த தலையோடு போய் அவள் பக்கத்தில் நின்றாள். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். பிறகுதான் டம்ளரை வாயில் வைத்தான்.