குருட்டு மேஸ்திரி

மோனிகா செத்த பிறகு அவள் எழுதிய பாட்டை நாங்கள் எங்கும் பாடவில்லை. திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரைக்கு ஒரு தெருக் கமிட்டி எங்கள் பேண்டைக் கூப்பிட்டபோது, அதை அங்கே பாடலாம் என்று நான்தான் சொன்னேன்.

மோனிகா என் தங்கை. பேண்டில் பாடியவள். நகரியிலிருந்து திருப்பதி பஸ்ஸில் போகும்போது இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு ராக் பாட்டுகள் கேட்போம். பாம்பு, முக்கோணத்துக்குள் ஒரு கண், பூட்டிய வாசல்கள் என்று வரிகளில் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அவள் அர்த்தம் தேடிப் படித்துச் சொல்வாள். பழைய காலத்தில் ஒரு கூட்டம் இருந்ததாம். இந்த உலகத்தைச் செய்தவன் உண்மையான கடவுள் இல்லை, கண் தெரியாத ஒருவன், தனக்கு மேலே யாருமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. நிஜமான வெளிச்சம் அவனுக்கும் அப்பால் இருக்கிறது. அதில் ஒரு பொறி நமக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்போ அவன் சாமி இல்லண்ணா, மேஸ்திரி," என்றாள் மோனிகா. "ஓனர் வேற எங்கியோ கீறான்."

நகரியில் எங்கள் வீட்டைச் சுற்றி எல்லாம் விசைத்தறிதான். மேஸ்திரி என்றால் யார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கே எழுதிவிட்டாள்.

மேஸ்திரி மேஸ்திரி, குருட்டு மேஸ்திரி,
நீ கட்டின வீட்டுக்கு ஜன்னலே இல்ல.
உனக்கும் மேல ஒரு வெளிச்சம் இருக்குது,
அது உனக்கே தெரியாது, பாவம் மேஸ்திரி.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று நைனா என்னிடம் வந்தார்.

"பேய்ப் பாட்டு வேணாம் வேணாம்னு அடிச்சிக்கினேன். சாமிய திட்டிக்கினு பாடனீங்க ரெண்டு பேரும். அது சும்மா உடுமா?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. மாம்பழக் கூழ் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போனேன், வந்தேன். நைனா சொன்னது மட்டும் உள்ளே கிடந்தது. கேட்டுவிட்டுத் தண்டிக்கிற ஒன்று இருக்கிறதென்றால், எழுதியவளை எடுத்துக்கொண்டு கிதார் வாசித்தவனை ஏன் விட்டது? சாமிக்கு நேராக நின்று பாடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஜனங்கள் அடிக்கட்டும், இல்லை வேறு ஏதாவது அடிக்கட்டும். அடி விழுந்தால் நைனா சொன்னது சரி, அவளைக் கொன்றது நாங்கள் பாடிய பாட்டு. விழாவிட்டால் அங்கே யாரும் இல்லை. இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும்.

அந்தத் தெருவின் சின்ன அம்மன் கோயிலுக்கு எதிரில் ஒரு டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. மே மாத வெயில். உடம்பெல்லாம் கரி பூசியவர்கள், குங்குமம் பூசியவர்கள், புடவை கட்டிய ஆண்கள் என்று தெரு நிறைந்திருந்தது. நான் இந்த ஜாத்திரையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பேஸ் கிதார் வாசிக்கும் சுரேஷ்பாபு திருப்பதியிலேயே பிறந்தவன்.

"அந்தப் பாட்டத்தான் பாடப் போறியா?" என்றான்.

"ஆமா. ஒதைக்க வந்தாங்கன்னா நீ ஓடிடு."

"எதுக்கு ஒதைக்கணும்?" என்னை ஒரு மாதிரி பார்த்தான். "மொதல்ல மோர் குடி. மூஞ்சி காஞ்ச மொளகா மாரி கீது."

எனக்குக் குரல் கிடையாது. கத்தினேன். இரண்டாவது தடவை பாடும்போது கோயிலைப் பார்த்துக் கையை நீட்டினேன். மூன்றாவது தடவை பாட்டில் இல்லாத வார்த்தைகளும் வந்தன. தறிக் கொட்டகையில் ஆண்கள் மட்டும் இருக்கும்போது பேசுகிற வார்த்தைகள். முன்வரிசை அப்படியே நின்றுவிட்டது.

கமிட்டித் தலைவர் நாகபூஷணம் மேடையில் ஏறினார். பெரிய உடம்பு, முழுக்கக் கரி, கழுத்தில் வேப்பிலை மாலை. நான் கிதாரை விட்டுவிட்டுக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் கை வந்தது. என் கன்னத்தில் கரியைத் தடவியது.

"பாகா திட்டினாவுரா! நல்லா திட்டனடா! இந்த வருசம் ஒருத்தனும் இப்டி திட்டல!"

கூட்டம் விசிலடித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுரேஷ்பாபு காதருகே வந்தான். "இன்னாடா முழிக்கிற? அம்மன திட்டறதுதான்டா இங்க வேண்டுதலே. எவ்ளோ அசிங்கமா திட்றமோ அவ்ளோ சந்தோசம் அவளுக்கு. தெரிஞ்சிதான் இந்தப் பாட்ட எடுத்தன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நாகபூஷணம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். "உங்க ஊட்ல யாரு போனது?"

"தங்கச்சி."

"பேரு?"

"மோனிகா."

அவர் மைக்கில் தெலுங்கில் ஏதோ கத்தினார். பிறகு தமிழில் கத்தினார். "இவன் தங்கச்சிய எடுத்துக்கிச்சி! மோனிகாவ எடுத்துக்கிச்சி! கேளுங்கடா!"

மொத்தக் கூட்டமும் கோயில் பக்கம் திரும்பியது. "நீக்கு கண்ணுலு லேவா ஏமே!" "கண்ணு அவிஞ்சி பூட்ச்சாடி ஒனக்கு!" அதற்கு மேல் சொன்னவற்றை எழுத முடியாது. மோனிகாவைப் பார்த்தே இராதவர்கள் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லித் திட்டினார்கள். புடவை கட்டிய ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டார். தட்டோடு நின்ற பூசாரியும் திட்டிக்கொண்டிருந்தார். சுரேஷ்பாபு திட்டிக்கொண்டே அழுதான்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. டிரெய்லர் ஓரத்தில் உட்கார்ந்து நைனாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா சத்தம் அது?"

"திட்றாங்க நைனா."

"யார?"

"சாமிய."

"எதுக்கு?" என்றார்.

"மோனிகாவுக்காக."

அவர் போனை வைக்கவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நான் எழுந்து போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். கை வலித்தபோது கை மாற்றிக்கொண்டேன்.