சங்கிலியின் கடைசித் துப்பாக்கி

வாருங்கள். வடமதுரைச் சாலையோரம், கரட்டடிவாரத்தில் எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கம் நடத்திய சுடுதளத்தில் வந்து நில்லுங்கள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அங்கே ஓர் அநீதி நடந்தது. அதற்கு நீங்களும் சாட்சியாக வேண்டும்.

சங்கத்தின் துப்பாக்கிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். விசையைச் சுற்றியுள்ள வளையங்களுக்குள் ஒரே சங்கிலியைக் கோத்து, இழுத்து இறுக்கி, கடைசித் துப்பாக்கியில் பூட்டைத் தொங்கவிடுவார் செயலாளர் சடையாண்டி. பட்டாளத்தில் இருந்து வந்தவர். பூட்டோ எங்கள் ஊர்ப் பட்டறையில் பிறந்த, உள்ளங்கைக்குள் அடங்காத மாங்காய்ப் பூட்டு. வெளியூரார் வந்தால் துப்பாக்கிகளுக்கு முன் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார். அந்தக் கடைசித் துப்பாக்கி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஆண்கள் அதைத் தொடுவதில்லை.

தொட்டவர்கள் இருவர். கல்லூரியில் இயற்பியல் படித்த ரஃபியா. பூட்டுப் பட்டறையில் சாவி அராவிய அமலராணி. திருச்சியில் நடக்கவிருந்த போட்டிக்கு ரஃபியாவின் பெயர் போயிருந்தது. ஆனால் அவள் சுடும் குண்டு ஒரு சமயம் குறியட்டையின் நடுவைத் துளைக்கும். மறுசமயம் ஓரத்துக்கு ஓடும்.

“பொம்பளப் புள்ள கை, நடுங்கத்தானே செய்யும்” என்றார் சடையாண்டி. “ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன், தாயி. இப்பிடியே போச்சுன்னா ஒம்பேர எடுத்துருவேன். அடுத்த வருசத்துலருந்து பொம்பளைக பிரிவே வேணாம்.”

சோதிக்காமல் எழுதிய தீர்ப்பு இது. ரஃபியா தலைகுனியவில்லை. சுட்ட அட்டையை வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

“இங்க பாருங்க சார். கை நடுங்குனா ஓட்டை நாலாபக்கமும் செதறியிருக்கணும். இது ரெண்டே எடத்துல குமிஞ்சு கெடக்கு.”

“அதுக்கு?”

“என் கை ரெண்டு எடத்துக்கு மட்டும் சொல்லி வச்சா நடுங்கும்?”

“அதுக்குத் தனியாப் பயிற்சி எடுக்கணும்டி” என்றாள் அமலராணி.

ஒரே நேரத்தில் இரண்டைத் தொடாதே, ஒன்றை மட்டும் மாற்று என்பதே ரஃபியாவின் முறை. ஒரே பெட்டியின் தோட்டாக்களைச் சுட்டாள், இரண்டு குவியல். துப்பாக்கியை மணல்மூட்டையில் கிடத்திச் சுட்டாள், இரண்டு குவியல். அமலராணி சுட்டாள், அதேதான்.

“இனி நீங்கதான் சார் பாக்கி. பட்டாளத்துக் கை நடுங்காதுல்ல?”

சடையாண்டி மீசையை நீவிக்கொண்டு அதே துப்பாக்கியோடு படுத்தார். சுட்டார். அட்டை வந்தது. அதிலும் இரண்டு குவியல்கள் இருந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

குற்றம் கையில் இல்லை என்று உறுதியாயிற்று. இரும்புக் குழலும் மரக்கட்டையும் சேரும் இடத்தில் ரஃபியா பென்சிலால் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டுச் சுட்டாள். கோடு உடைந்து விலகியிருந்தது. குழல் கட்டைக்குள் நகர்கிறது. திருப்பிப் பார்த்தால், விசை வளையத்தோடு குழலைக் கட்டையில் பிடித்திருக்கும் பின்திருகு விரலுக்கே சுழன்றது. திருகைச் சுற்றிலும் மரம் நசுங்கிக் கிடந்தது. வளையத்தில் சங்கிலி தேய்த்த வெள்ளைத் தழும்பு. மற்றத் துப்பாக்கிகள் எதிலும் அது அவ்வளவு ஆழமில்லை.

“ஆடுனது எங்க கை இல்ல சார், ஒங்க பூட்டு. தெனம் சாயங்காலம் இது கழுத்துலதான தொங்கவிடுறீக.”

சடையாண்டி பூட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “இம்புட்டுக் கனமாவா செஞ்சு தொலைப்பாங்க” என்று முனகினார்.

அமலராணி பித்தளைக் குழாயைத் துண்டாக்கி, சாவிக்குரிய நுணுக்கத்தோடு அராவிக் கொண்டுவந்தாள். நசுங்கிய துளைக்குள் அதைச் செருகித் திருகுகளை இறுக்கினார்கள். இனி மரம் நசுங்காது. பித்தளையே பாரம் தாங்கும். குழல்மேல் குறிபார்க்கும் காட்டியையும் சரிசெய்தார்கள். சுவரில் ஒரு கொக்கி அடித்துப் பூட்டை அங்கே மாட்டினார் சடையாண்டி.

ஞாயிறன்று ரஃபியா சுட்டாள். அட்டையின் நடுவில் ஒரே குவியல். ஒரு ரூபாய் நாணயம் அதை மூடிவிடும். நானும் அங்கே நின்றேன். நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு.

சடையாண்டி ஒரு ரூபாயை எடுத்து அட்டைமேல் வைத்துப் பார்த்தார். “பேரு இருக்கட்டும். பிரிவும் இருக்கட்டும்” என்றார். பிறகு தயங்கி, “அந்தத் துப்பாக்கியச் செத்த நேரம் குடு தாயி, நானும் இன்னொரு தடவ சுட்டுப் பாக்குறேன்” என்றார்.

“அது பொம்பளைக துப்பாக்கி சார்” என்றாள் அமலராணி. “எங்களுக்குப் பின்னாடி நில்லுங்க.”

நின்றார்.

தோழர்களே, நாளைக் காலையில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையைத் திறக்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய மட்டையை, பந்தை, வலையை உங்கள் கையாலேயே எடுத்து ஆடிப் பாருங்கள். பழுதிருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.