கிழக்குப் படியில் பதினொரு நத்தைகள்

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டால் விடமாட்டேன். 'உன் நிழல் பின்னாலயே வருதே, அதையும் ஒரு வார்த்தை விசாரிச்சுடு' என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். நீர்நிலைக் கணக்கெடுப்பில் பதினாறு வருஷம் ஓட்டியவள் நான். என் காதில் பூச் சுற்றப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு குளம். அதை மண் போட்டு மூடி பஸ் நிறுத்த இடமாக்கலாமா என்று கேட்டு எங்கள் அலுவலகத்துக்குத் தாள் வந்தது. எங்கள் வழக்கப்படி இரண்டு பேர் தனித்தனி நாளில் போய், அங்குள்ள உயிர்களை எண்ணி எழுதவேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசிக் கட்டத்தில் 'சிறப்பு உயிரினம் உண்டு' என்றால் குளம் பிழைக்கும். 'இல்லை' என்றால் லாரி வரும்.

முதலில் நான் போனேன். சாதாரணத் தவளை, சாதாரணத் தும்பி, பாசி. 'இல்லை' என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து, என்னோடு கணக்கெடுக்கும் என் ஜோடி போனான். நிதானமாக நடப்பதால் அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தோம். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான். அதிகாரி முன்னால் இரண்டு தாளையும் பிரித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமையின் தாளில், 'மஞ்சள் கோட்டு நத்தை, பதினொன்று. எல்லாம் கடுகளவு. எல்லாம் கிழக்குப் படி ஓரம்.'

அபூர்வம் என்று சிறப்புப் பட்டியலில் சேர்த்த அந்த நத்தை மலையடி அணையில் மட்டும்தான் உண்டு. நாற்பது கிலோமீட்டர் நடந்தா வந்தது?

யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே புரிந்தது. யார் என்பதும் புரிந்தது. ஆமையின் அக்கா வீடு அந்தக் குளத்தைப் பார்த்த மாடியில். போன மாதமே சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்திருந்தான்.

"ஏன்க்கா, கோடு போட்ட நத்தை இருந்தா குளம், இல்லன்னா குழியா? இது என்ன நியாயம்?"

"பின்ன? அந்தத் தண்ணிய யாரு குடிக்கிறா, யாரு குளிக்கிறா? கும்பிடக்கூட ஒருத்தர் வர்றதில்ல."

"நாம கும்பிட்டாதான் விட்டு வைக்கணுமா? சாமியும் வேணாம், புண்ணியமும் வேணாம். அந்தத் தவளைக்கு அதோட உயிர் பெரிசுதானே?"

இவ்வளவு தேனாக ஒருவன் பேசினால் உள்ளே ஏதோ இருக்கிறது. அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

தாள் பிரித்த அன்று, நாலு பேர் முன்னால் கேட்டேன். "குளத்துப் பக்கம் உனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா இல்லையா?"

"இருக்காங்கக்கா. எங்க அக்கா."

"நத்தைய எதுல கொண்டு வந்த? பக்கெட்லயா, டப்பாவுலயா?"

என்னையே பார்த்தான். "நீங்களா இதக் கேக்குறீங்க?" என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையிலேயே புகார் எழுதி அதிகாரி மேசையில் வைத்தேன். நிரூபணமானால் அவன் வேலை போகும். போகட்டுமே, பொய்க் கணக்கு எழுதினவன்தானே.

நிரூபணம் தேடித்தான் சாமான் அறைக்குப் போனேன். அங்கே குழாய்க்கு மேலே ஒரு அட்டை தொங்கும். எந்த நீருக்குப் போனாலும் கிளம்பும்போதே பெயர், தேதி, இடம் எழுதிவிட்டு, வந்ததும் ரப்பர் பூட்ஸையும் வலையையும் வெந்நீரில் அலசிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நீரின் முட்டை இன்னொரு நீருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. ஆமை எப்போது அணைக்குப் போனான் என்று அட்டை காட்டிக்கொடுக்கும். மாட்டினான் மகன் என்று விரலை வைத்து இறக்கினேன்.

அணைக்கு இரண்டு மாதத்தில் ஒரே ஒருவர்தான் போயிருந்தார். நான். அலசிய கையெழுத்துக் கட்டம் காலி.

அன்று அணையில் இருக்கும்போதே பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல். டிப்போக் குளத்தையும் அன்றே முடித்துவிட்டு ஓடலாம், அப்புறம் அலசிக்கொள்ளலாம் என்று நேராக வந்தேன். கிழக்குப் படியில் இறங்கி, அதே வலையைத்தான் போட்டேன். வலை மடிப்பில் முட்டை ஒட்டியிருந்திருக்கும். மூன்று வாரத்தில் கடுகளவுக் குஞ்சு.

ஆமை பின்னறையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் போய் நின்றேன்.

"அட்டையைப் பாத்தேன்டா தம்பி."

"நான் எண்ணிட்டு வந்த அன்னிக்கே பாத்துட்டேன்க்கா."

"அடப்பாவி! பின்ன ஏன் சொல்லல? நான் உன்மேல புகார் குடுத்திருக்கேனே!"

ஊசியை வலையில் குத்தி வைத்தான். "நீங்க வேணும்னே கொண்டுவந்து விட்டீங்கன்னு நினைச்சேன். எதுக்கும் மசியாத மனுஷி ஒரு குளத்துக்காக மனசு எளகிட்டாங்களேன்னு இருந்துச்சு. பயத்துல என் தலையில போடுறீங்க போலன்னு விட்டுட்டேன். காட்டிக்கொடுக்க மனசு வரல."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நான் அவனைத் திருடன் என்று சந்தேகப்பட்டேன். அவன் என்னை நல்லவள் என்று சந்தேகப்பட்டிருக்கிறான். தெரிந்தே வாயை மூடியது அவன் தப்புதான், ஆனால் அதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

"விட்டுடுங்கக்கா," என்றான். "யாருக்கும் தெரியாது. குளம் இருந்துட்டுப் போகட்டும்."

விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வருஷம் எவனாவது அந்த நத்தையைச் சந்தேகப்பட்டால் என்ன ஆகும்? நத்தையோடு குளமும் போகும். அதோடு, அன்று சாப்பாட்டு நேரத்தில் தவளையைப் பற்றி அவன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டிப்போக் குளத்துக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். எண்ணவில்லை. சும்மா பார்த்தேன். ஒரு தவளை, எந்தக் கோடும் இல்லாதது, என்னைக் கண்டு பயந்து தண்ணீரில் குதித்தது. சாகப் பிடிக்காமல்தானே குதிக்கிறது என்று தோன்றியது. பதினாறு வருஷமாக எண்ணிய எனக்கு இது தோன்றியதில்லை. அழுகை வந்துவிட்டது.

மறுநாள் புகாரைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். என் தாளில் எழுதினேன்: 'நத்தை என் அலசாத வலையில் வந்தது. தவறு என்னுடையது. சிறப்பு உயிரினம் இல்லை.' அதன் கீழே, கட்டமே இல்லாத இடத்தில், 'ஆனாலும் மூடக் கூடாது. அங்கே ஏற்கெனவே குடியிருப்பவை இருக்கின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. இத மேல அனுப்பினா லாரிதான் வரும். அப்புறம் எதுக்கும்மா இந்தக் கடைசி வரி?"

"அதையும் அனுப்புங்க சார். லாரிக்கு முன்னால யாராவது ஒருத்தர் படிக்கட்டும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஆமையைப் பார்த்தேனே, அதே பார்வை.

"குளத்துப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"யாருமே இல்ல சார். அதனாலதான் எழுதியிருக்கேன்."

அவர் நம்பவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.