கவர்னருக்கு அடித்த பெயிண்ட்

ஆபரேட்டர் அங்கப்பனை வேலையிலிருந்து நிறுத்தி எழுதிய மெமோவை மேனேஜர் ரவிக்குமார் என்னிடம் பெருமையாகக் காட்டினார். நான் ஜெனரேட்டரைச் சரிபார்க்க வந்தவள். யாருக்கு வேலை போனால் எனக்கென்ன? ஆனாலும் காட்டினார்.

ஆனைமலைப் பக்கம் தென்னை மட்டையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அது. எடுப்பதெல்லாம் நேரே மின்வாரிய லைனுக்குப் போகும். பத்து நாளாக மீட்டர் முள் இரண்டு மெகாவாட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இப்படியே போனால் லைனைத் துண்டித்துவிடுவோம் என்று வாரியத்தில் சொல்லிவிட்டார்கள். சரிசெய்யக் கோவையிலிருந்து என்னை அழைத்தவர்கள், பழிபோட ஆளைத் தாங்களே பிடித்து வைத்திருந்தார்கள்.

"ஷிப்ட்டுல செட்டிங்கை நோண்டிப்போட்டானுங்க மேடம். மம்மட்டி புடிச்ச வம்சம். அது கையில கவர்னரைக் குடுத்தா வேற என்னாகும்?" என்றார் ரவிக்குமார்.

கவர்னர் என்பது டர்பைனுக்கு நீராவியை அளந்துவிடும் கருவி. அதைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் அங்கப்பன். வம்சம் பார்த்தா டர்பைன் சுற்றுகிறது?

"அவரை வரச் சொல்லுங்க சார். அவரில்லாம நான் மிஷினைத் தொடமாட்டேன்."

அங்கப்பன் வந்து ஓரமாக நின்றார். செட்டிங் ஒன்றுகூட மாறவில்லை. பழைய தாளில் இருந்தபடியே இருந்தது. ஒயர், சென்சார், ஆயில் பிரஷர் எல்லாம் சரி. நான் விழித்தேன்.

"அம்மணி, அந்த லிவரையே கொஞ்ச நேரம் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கவர்னரை நீராவி வால்வோடு இணைக்கும் தண்டு அது. கவர்னர் தள்ளியது, லிவர் அசையவில்லை. இன்னும் தள்ளியதும் துள்ளிக்கொண்டு போய், வேண்டியதற்கு மேல் வால்வைத் திறந்தது. மூட இழுத்தபோதும் அதே ஒட்டல், அதே துள்ளல். மீட்டர் எப்படி நிற்கும்? லிவரின் மூட்டு முழுக்கப் புதுப் பச்சைப் பெயிண்ட், அதன்மேல் சந்தனம், குங்குமம். ஆயுத பூசைக்கு அடித்தது! கிரீஸ் விடும் துளையைக்கூட அடைத்து வைத்திருந்தார்கள்.

"அசையற எடத்துல வேண்டாம்னு சொன்னனுங்க. மொதலாளி வாராரு, பளபளன்னு இருக்கோணும்னு சார்தான் கூடவே நின்னு அடிக்க வெச்சாருங்க."

"முள்ளு ஆட ஆரம்பிச்சப்பவே இதைச் சொல்லியிருக்கலாமேண்ணா?"

"சொன்னதுக்குத்தானுங்க அம்மணி மெமோ."

டர்பைனை நிறுத்தினோம். மூட்டைக் கோத்திருந்த ஊசியைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டி, கிரீஸ் வைத்துத் திரும்ப ஓட்டியதும் முள் இரண்டரையில் நின்றது.

ரவிக்குமார் வந்து சிரித்தார். "ரிப்போர்ட்ல தேய்மானம்னு போட்டுருங்க மேடம். அங்கப்பன் சும்மா ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுக்கட்டும், நாளைக்கே டூட்டிக்கு வந்துக்கலாம்."

தப்புச் செய்தவருக்கு ரிப்போர்ட்டில் மறைப்பு. தப்பைத் தடுக்கப் பார்த்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கப்பன் என்னிடம் பேனா கேட்டார். மேசையில் தாளை வைத்து, நிதானமாக எழுதி, பேனாவோடு மேனேஜரிடம் நீட்டினார்.

'வேண்டாம் என்று ஆபரேட்டர் சொல்லியும் லிவர் மூட்டில் பெயிண்ட் அடிக்க வைத்தது என் தவறு. மன்னிக்கவும்.'

"கடுதாசி எழுதிட்டனுங்க சார். கையெழுத்து நீங்கதான் போடோணும்."

ரவிக்குமார் பேனாவை வாங்கவில்லை. நான் வாங்கி, சாட்சி என்று கீழே என் பெயரை எழுதி, ரிப்போர்ட்டோடு சேர்த்து முதலாளிக்கு அனுப்பினேன்.