பாலக்காவலரின் மூன்று எருதுகள்

எங்கள் விளையாட்டில் மேலதிகாரி வந்துவிட்டால் "மழை வருகிறது" என்று எழுத வேண்டும். சாப்பிடப் போனால் "கிணற்றடிக்குப் போகிறேன்". வீட்டிலிருந்து போன் வந்தால் "புறா வந்திருக்கிறது". எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தோம். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் வைக்கவில்லை. மற்றவர்களுக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு நடை பழக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. நோயாளியின் வீட்டாரைப் பார்த்ததும் என் வாயில் வரும் முதல் கேள்வி, ஏன் இவ்வளவு தாமதமாகக் கூட்டிவந்தீர்கள் என்பதுதான். கை மரத்தால் ஓடி வர வேண்டாமா, வாய் கோணினால் ஓடி வர வேண்டாமா, ஒவ்வொரு நிமிஷமும் மூளையில் ஒரு பிடி போய்விடும் என்று தெரியாதா என்று பிடிபிடி என்று பிடிப்பேன். வார்டில் எனக்குக் 'கடுகு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் என் காதில் விழுகிற மாதிரி.

மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை எனக்கு ஓய்வு. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நடைவண்டிகள், சுருட்டிய பாய்கள், காற்றுப் போன உடற்பயிற்சிப் பந்துகள், நடுவில் என் லேப்டாப். அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வாழும் ஒரு பழங்காலத்து நாடு. அங்கே நான் பச்சிலைக்காரி.

என் கூட்டாளிகள் மூன்று பேர். பாலக்காவலர், திருடன், வில்காரி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் சுவரில் யாரோ ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்: 'அரைமணி நேரம் மட்டும் விளையாடுபவர்கள் தேவை. அவசரக்காரர்கள் வேண்டாம்.' அப்படிச் சேர்ந்தோம். எல்லோரும் ஒரே ஊர். அதற்கு மேல் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. வெளிப்பேச்சு பேசினால் மூன்று நாளைக்கு எல்லோருடைய மூட்டையையும் சுமக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் திருடன். சட்டம் என்றால் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

எங்களுக்கு இருந்ததே நாற்பது நிமிஷம். அதில் முழுசாக மூழ்க வேண்டும் என்று நினைத்தோம். திரையில் வரைபடத்தை அணைத்தோம், தலைக்கு மேல் மிதக்கும் பெயர்களை அணைத்தோம், உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிவப்புக் கோட்டையும் அணைத்தோம். குதிரை கிடையாது, எங்கும் நடைதான். பேச்சு சுத்தத் தமிழ்தான். பதினேழு மாதத்தில் பன்னிரண்டாவது படி ஏறியிருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தாண்டிவிடுவார்களாம். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நால்வரில் உயர்ந்த ஆள் பாலக்காவலர்தான். எழுத்தில் ஒரு பிழை வராது. ஒன்று முப்பது ஆனால் போதும், "என் மூன்று எருதுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எழுதிவிட்டு அசையாமல் நிற்பார். நான்கு நிமிஷத்தில் திரும்பி வந்து, முதல் எருதுக்கு உடம்பு சூடு, மூன்றாவது முனகுகிறது என்று நலம் சொல்வார். அந்த விளையாட்டில் எருதே கிடையாது. மனுஷன் கற்பனையிலேயே தொழுவம் கட்டி வைத்திருக்கிறார் என்று நாங்கள் வியந்துபோவோம்.

அன்று எங்களுக்கு எதிரி, தொட்டவர்களைக் கல்லாக்கும் ஒரு சூனியக்காரி. அவள் கோபுரத்தைத் தாண்டிப் பாலத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். மணி ஒன்று இருபது. பாலக்காவலர் நின்றார்.

"என் இடக்கை கல்லாகிறது" என்று எழுதினார்.

பிரமாதம் என்று நினைத்தேன். சூனியக்காரி அவரைத் தொடவே இல்லை, ஆனாலும் ஆட்டத்துக்குச் சுவை சேர்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வில்காரி அழுது புலம்பினாள். திருடன் மந்திரத் தாயத்து தேடி ஓடினான். நான் மண்டியிட்டுப் பச்சிலை அரைக்க ஆரம்பித்தேன். விளையாட்டில் அதற்கு ஒரு அசைவு இருக்கிறது, அம்மியே இல்லாமல் அரைக்கலாம்.

"வாயும் ஒரு பக்கம் இழுக்கிறது" என்று எழுதினார்.

பத்தொன்பது வருடம் பார்த்தவள் நான். அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? மனுஷன் எங்கேயோ பக்கவாதக்காரரை நன்றாகக் கவனித்திருக்கிறார், என்ன நுணுக்கம் என்று நினைத்தேன். இடது காலும் போயிற்று என்றார். கொஞ்சம் கழித்து, "நிஜமாகவே கல்லாகிறேன், பெண்ணே" என்றார். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. நான் கைதட்டினேன். விளையாட்டில் அதற்கும் ஒரு அசைவு இருக்கிறது. என்னைப் பார்த்து வில்காரியும் தட்டினாள்.

பச்சிலையை அவர் வாயில் பிழிந்துவிட்டு நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரம் ஒன்று முப்பத்தொன்று காட்டியது. அவர் எருதுகளைப் பார்க்கப் போகவில்லை.

பதினேழு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் தவறியதில்லை. டிராகன் எரித்துக்கொண்டிருந்தபோதும் எருதைப் பார்க்கப் போன மனுஷன்.

"வெளியே பேசுறேன். உங்களுக்கு உண்மையிலேயே கை மரத்திருக்கா?" என்று தட்டினேன்.

திருடன் உடனே, மூன்று நாள் மூட்டை உனக்குத்தான் பெண்ணே என்று எழுதினான். அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. பாலக்காவலரிடமிருந்து "எரு" என்று ஒன்று வந்தது. ஒன்று முப்பத்திரண்டு. அதோடு சரி.

"நான் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன். இது ஸ்ட்ரோக். இவர் யாரு, எங்க இருக்காரு, தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்று எழுதினேன்.

யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தெரியக் கூடாது என்றுதானே சட்டம். வில்காரி நிஜத்தில் அழுகிறாள் என்று அவள் எழுத்திலேயே தெரிந்தது. அவர் பேசியதை எல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். அவர் சொன்னதெல்லாம் எருதுதான், எருதைத் தவிர வேறில்லை. மேட்டில் தனியாக இருக்கிறேன் என்பார். மழை நாளில், ஊருக்குத் தாகம் குறைவு, எருதுகளுக்கு ஓய்வு என்பார். போன மாதம் இரண்டு நாள், "இரண்டாவது எருது படுத்துவிட்டது, கிழக்குத் திசை முழுக்க என்னைச் சபிக்கும்" என்று வருத்தப்பட்டார்.

கிழக்குப் பக்கம் சபித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. குடிநீர் அலுவலகத்தைப் போனில் கூப்பிட்டுக் கிழிகிழி என்று கிழித்தேன். மேட்டுத் தொட்டியில் மோட்டார் பழுது என்று அவர்கள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேட்டு நீரேற்று நிலையம். மூன்று மோட்டார்கள்.

அந்த போன் நம்பர் எனக்கு மனப்பாடம். தண்ணீர் வராவிட்டால் ஒன்றை அழுத்தவும், குழாய் உடைந்தால் இரண்டை அழுத்தவும் என்று ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. எல்லா எண்களையும் அழுத்தினேன். எடுத்த குமாஸ்தா என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"மேடம், உங்க ஏரியாவுக்குத் தண்ணி வருதே" என்றார்.

"தண்ணி கிடக்கட்டும். மேட்டு ஸ்டேஷன்ல இருக்கிறவருக்கு ஸ்ட்ரோக். அங்க ஆள் அனுப்புங்க."

அங்கிருந்தா பேசுகிறீர்கள் என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எப்படித் தெரியும் என்றார். விளையாட்டில் சொன்னார் என்றேன். அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு. நான் அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவர் இன்னொரு போனில் நிலையத்தைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது. அவர் சிரிப்பு நின்றது. மதிய நேரத்தில் அங்கே ஒரே ஆள்தான் என்றும், கேட் உள்ளே பூட்டியிருக்கும் என்றும், மாற்றுச் சாவி நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது என்றும் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்சுக்கே சொல்லிவிட்டேன். அங்கே போய்ச் சேரக் கால்மணி நேரம் ஆகும் என்றார்கள்.

திரைக்குத் திரும்பி எல்லாவற்றையும் எழுதினேன். திருடன் பதினேழு மாதத்தில் முதல்முறையாகச் சுத்தத் தமிழை விட்டான்.

"மேட்டுக்குக் கீழதான் அக்கா என் டயர் கடை. வண்டியில ஆறு நிமிஷம். போறேன்."

அவன் உருவம் பாலத்தில் அப்படியே நின்றுவிட்டது. எனக்குச் செய்ய வேறு ஒன்றும் இல்லை. பாலக்காவலரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த விளையாட்டில் யாரும் விசையைத் தட்டாவிட்டாலும் உருவம் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அவர் மார்பு அழகாக ஏறி இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்து நிமிஷம் அசைவில்லை என்றால் விளையாட்டு ஆளை வெளியே தள்ளிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து தட்டு சாமி என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்று நாற்பத்திரண்டுக்கு அவர் மறைந்துபோனார். பாலம் மட்டும் இருந்தது.

ஒன்று நாற்பத்தாறுக்குத் திருடன் எழுதினான். போனிலிருந்து எழுதுகிறான் போல, எழுத்தெல்லாம் தாறுமாறு. "சுவர் ஏறிக் குதிச்சுட்டேன். நாற்காலிக்குக் கீழ கிடக்காரு. மூச்சு இருக்கு." ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் தண்ணீர்கூட ஊற்றாதே, கேட்டைத் திறந்து வை என்று எழுதினேன். செய்தான். நிஜத்தில் அவன் ஏறிக் குதித்த முதல் சுவர் அதுதானாம், முழங்கை கிழிந்து தையல் போட்டுக்கொண்டான்.

நான் அவசரச் சிகிச்சை வாசலுக்கு ஓடினேன். ஸ்ட்ரெச்சரில் வந்தவர் நரைத்த மீசைக்காரர், என் கற்பனையைவிட ஒல்லி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பது. அது தெரியாவிட்டால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட மாட்டார்கள். ஆம்புலன்சில் கூட வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு இருபது" என்றேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது. நல்லவேளை, இப்படிக் குறித்து வைத்திருந்தீர்களே என்று டாக்டர் பாராட்டினார். அதே பக்கத்தில், ஒன்று இருபத்தேழுக்கு, 'பச்சிலைக்காரி கைதட்டுகிறார்' என்ற வரியும் இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

ஊசி வேலை செய்தது. உயிர் பிழைத்தார். கால் ஓரளவு திரும்பியது. இடக்கை திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்து நடை பழக என் அறைக்கே வந்தார். அவருடைய மனைவி வருகிற போகிற எல்லோரிடமும், யாரோ முகம் தெரியாத விளையாட்டுக்காரர்கள் என் தாலியைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக் கும்பிடுவார். நான் பக்கத்தில் நின்று, பிடித்து நடை பழகும் இணைகம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். மற்றவர்களைப் பதினோரு நிமிஷத்துக்காகத் திட்டித் தீர்க்கிறவள், என்னுடைய பதினோரு நிமிஷத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு நான்கு நாள் ஓட்டினேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஐந்தாவது நாள் அந்த அம்மா மருந்து வாங்கப் போயிருந்தார். பாலக்காவலரை நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய மடங்கிய கையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான்தான் பச்சிலைக்காரி. பதினோரு நிமிஷம் நீங்க நடிக்கிறீங்கன்னு நினைச்சேன். இந்தக் கை என்னாலதான் இப்படி."

அவருக்கு வாய் இன்னும் கொஞ்சம் கோணல்தான், பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"முதல்ல நானும் அப்படித்தான் நினைச்சேம்மா. கை மரத்துச்சு. சரி, ஆட்டத்துக்கு ஆச்சுன்னு அதையே எழுதினேன்."

மூளையின் வலப்பக்கம் அடைத்தால் நோயாளிக்கே தன் நோய் உறைக்காது என்று நான் படித்ததுதான். படித்தது வேறு, இந்த மனுஷன் வாயால் கேட்பது வேறு. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அப்புறம் புரிஞ்சுது. நிஜமாகவேன்னு எழுதினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீங்க கைதட்டினீங்க. கீழ விழற வரைக்கும் அதையேதான் பார்த்துட்டு இருந்தேன்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கோபமே இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட ஆரம்பித்தேன், அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் மதிய நேரம் அவருடையது. சாமான் அறையில் லேப்டாப் மூடியே கிடக்கிறது. தினமும் ஒன்று பத்துக்கு வருகிறார், நடக்கிறோம், உட்காருகிறோம். ஒன்று முப்பது ஆனதும் அவரே கையை என் பக்கம் நீட்டுகிறார். ஆள்காட்டி விரலிலிருந்து மூன்று விரல்களை ஒவ்வொன்றாகச் சொந்த பலத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். எருதுகளைப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்பேன். முதல் எருது போன வாரம் எழுந்துவிட்டது. மூன்றாவது நேற்று கொஞ்சம் அசைந்தது. இரண்டாவது இன்னும் படுத்தேதான் கிடக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.