அண்ணன் விட்ட மூச்சு

ஏரித் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி வெளிச்சத்தில் கரியமில வாயுவைத் தின்று வளர்கிறது. அந்த வாயு தீர்ந்துபோனால் என்ன செய்யும் என்பதுதான் ஆய்வாளரின் கேள்வி. நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டுக்கு மாறிக்கொள்ளும் என்று அவள் நம்பினாள். அதைப் பார்க்கத்தான் குடுவையில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, விளக்கு போட்டு, சின்ன பம்பு வைத்துக் கொஞ்சமே கொஞ்சம் காற்று விட்டாள். வாயு குறையக் குறைய நீரின் காரத்தன்மை ஏற வேண்டும். ஏறவில்லை. அதைக் காட்டும் மீட்டர் சண்டிமாடு மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது.

மீட்டரை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், பாசியையே மாற்றினாள். துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, "பாசிக்குப் பசியே இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலையில் அவளுக்கு வகுப்பு இருக்கும். ஆய்வறைக்கு மதியம்தான் வருவாள். அந்நேரம் அவள் அண்ணனும் அங்கே சாப்பிட வந்துவிடுவார். அவருக்குப் பக்கத்துத் தெருவில் ஆபீஸ்.

ஒருநாள் வகுப்பு ரத்தானது. காலையிலேயே வந்து ஆய்வறைக் கதவைத் திறந்தால், பம்புக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, மடியில் டிபன் பாக்ஸ்.

"வாட்ச்மேன் சாவி குடுத்தாரு," என்றார்.

"ஆபீஸ் இல்லையா அண்ணா?"

"ஆபீஸ் இருக்கு. நான்தான் அங்க இல்ல. வேலைய விட்டு அனுப்பிச்சு ரெண்டு மாசமாச்சு. உங்க அண்ணிகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? இங்க வந்தா இது ஒண்ணும் கேக்கறதில்ல." குடுவையைக் காட்டினார்.

அவள் அண்ணனையும் பக்கத்திலிருந்த பம்பையும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. அடைத்த அறையில் தினமும் காலை முழுக்க அண்ணன் விட்ட மூச்சைத்தான் பம்பு இழுத்துப் பாசிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உன் மூச்சுதான் இத்தனை நாளா என் பாசிக்குச் சாப்பாடு."

"அப்ப நான் கிளம்பறேன்." எழுந்தே விட்டார்.

"உக்காரு நீ."

நீளமாக ஒரு குழாய் வாங்கிவந்து, பம்பின் வாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அண்ணன் இருந்த இடத்திலேயே இருந்தார்.

மீட்டர் நகர ஆரம்பித்தது. வாயு ஏறக்குறைய வற்றியதும் பாசி வளராமல் முரண்டு பிடித்தது. பிறகு, நினைத்தபடியே, பைகார்பனேட்டை எடுத்துக்கொண்டு மறுபடி பச்சை கட்டியது. துறைத்தலைவர், "பசி வந்துடுச்சு போல," என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறுநாள் வெறுங்கையோடு வந்தார்.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"தெரியும்னு சொல்லிட்டா. போன மாசமே ஆபீஸுக்குப் போன் பண்ணியிருக்கா. நானா வாயத் திறக்கறேனான்னு பாத்துட்டு இருந்தாளாம்."

"திட்டினாங்களா?"

"திட்டல. சோறு கட்டித் தரல."

அவள் தன் சாப்பாட்டில் பாதியை மூடியில் எடுத்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அண்ணன், எங்கேயோ ஒரு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். சம்பளம் பாதிதானாம்.